காச்சேவ் கண்டுபிடித்த தங்கை

சோஃபியாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு சோர்னிட்சா பெல்ச்சேவாவின் முகம் தெரியாது. குரல் தெரியும். வெளிநாட்டுக் கார்ட்டூன் படங்களில் பல்கேரிய மொழி பேசிய அணில், நரிக்குட்டி, சூனியக்காரியின் மகள், குளத்தில் மாட்டிக்கொண்ட நட்சத்திரம் எல்லாம் அவள்தான். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் பதினாறு வயதுப் பெண்ணாகப் பேசுவாள். மைக் முன்னால் நிற்பதற்கு முன் ஒரு துண்டு பச்சை ஆப்பிளைக் கடித்துக்கொள்வாள், பேசும்போது வாய் ஒட்டிச் சத்தம் வராமல் இருக்க. நான் ஸ்டாமென். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் பேசியதையெல்லாம் பதிவு செய்தவன். இதில் பாதியை நானே பார்த்தேன், மீதியை அவள் பிறகு எனக்குச் சொன்னாள்.

அவளோடு வாழ்ந்தவள் இஸ்க்ரா. டிராம் ஓட்டுநர். அகன்ற தோள், சீருடைக்குள் அடங்காத முடி. வேலை முடிந்ததும் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்து, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அடுக்கு ரொட்டியான பனிட்சாவை, சூடு ஆறாமல் எண்ணெய்க் காகிதத்தோடு என் மேசைமேல் வைப்பாள். இருவரும் நதெஷ்தா பகுதியில் ஒரு வாடகை வீட்டில் குடியேறிய முதல் வாரத்தில், "நீங்க ரெண்டு பேரும் யாரு?" என்று வீட்டுக்காரி கேட்டிருக்கிறாள். "அக்கா தங்கச்சி" என்று இஸ்க்ரா சொல்லிவிட்டாள். வாயில் வந்ததைச் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல் பிறகு அவர்களை விடவில்லை. மாடிக்காரர்களுக்கு, தபால்காரிக்கு, பல் வைத்தியருக்கு, எல்லோருக்கும் அக்கா தங்கச்சி. வீட்டுக்குள் அதை வைத்துக் கேலி செய்துகொள்வார்கள். "என் தங்கச்சி இன்னிக்கு எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கா?" என்று இஸ்க்ரா கேட்பதை நானே கேட்டிருக்கிறேன்.

உண்மை தெரிந்த சிலரில் ஒருவர் லூபென் காச்சேவ். எங்கள் டப்பிங் இயக்குநர். சோர்னிட்சாவோடு நாடகக் கல்லூரியில் படித்தவர். இளமையில் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்ததால் தெருவில் எல்லோருக்கும் அவர் முகம் தெரியும். ஒவ்வொரு வருஷமும் புனித நிக்கோலாஸ் நாளன்று அவர்கள் வீட்டில்தான் கெண்டை மீன் சாப்பிடுவார். இஸ்க்ராவை 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். "மாப்ள, நம்ம பொண்ண நல்லா வச்சுக்கறியா?" "உங்க பொண்ணுதான்டா என்ன வச்சுக்கறா. காய் நறுக்கவே விடமாட்டேங்கறா." இப்படியே சாப்பாட்டு மேசை முழுக்கச் சிரிப்பாக இருக்கும்.

பிறகு ஒரு ஜனவரி மாதம் இஸ்க்ராவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. டிராமை ஒழுங்காக நிறுத்தத்தில் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சாய்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே சோர்னிட்சா நின்றாள். கூட நானும் காச்சேவும். நர்ஸ் வந்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

"தங்கச்சி" என்றாள் சோர்னிட்சா. இருபது வருஷப் பழக்கம்.

நர்ஸ் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். குடும்பப் பெயர் வேறு, அப்பா பெயர் வேறு. "இது சரியில்லையே அம்மா. உறவுக்காரங்கள மட்டும்தான் உள்ள விடுவோம்" என்றாள். குரலில் கடுமை இல்லை. பக்கத்தில் நின்ற காச்சேவைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் மலர்ந்து, "சார், நீங்களே சொல்லுங்க. இவங்க அவங்களுக்கு யாரு?"

நர்ஸ் அவர் வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அவர் வாயைத் திறந்து, அவள் மனைவி மாதிரி, பல வருஷமா ஒரே வீட்டில் இருக்கிறார்கள், விடுங்கள் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் கதவைத் திறந்திருப்பாள். இதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். தாழ்வாரத்தில் நாலைந்து பேர் காச்சேவின் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கோட்டுப் பொத்தானைத் தடவினார்.

"தெரிஞ்சவங்க. அடிக்கடி பாத்துக்குவாங்க" என்றார்.

மறுநாள் விடிவதற்குள் இஸ்க்ரா போய்விட்டாள். சோர்னிட்சா கதவுக்கு வெளியேதான் இருந்தாள். அடக்கத்துக்கு வீடின் என்ற நகரிலிருந்து இஸ்க்ராவின் அண்ணன் வந்து, பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அவனும் இஸ்க்ராவும் பேசிப் பல காலம் ஆகியிருந்தது. சோர்னிட்சாவுக்கு மூன்றாவது வரிசையில் இடம். நாடகக் குரலில் இரங்கல் பேசிய காச்சேவ், இஸ்க்ராவின் 'அன்புத் தோழி' என்று ஒரே ஒரு முறை சோர்னிட்சாவைக் குறிப்பிட்டார். அவள் அழவில்லை. அடக்கத்தில் எல்லோருக்கும் கொடுக்கும் இனிப்புக் கோதுமையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் அவரோடுதான் வேலை செய்தாள். ஒரு வார்த்தைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. அவரும் அவள் மறந்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டார். பழையபடி, "சோர்னி, அந்த நரிக்குட்டிக்கு இன்னும் கொஞ்சம் மூக்கால பேசு" என்பார். அவளும் பேசுவாள். புனித நிக்கோலாஸ் நாளில் மட்டும் அவள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

அந்த நேரத்தில்தான் உப்புக் கோட்டை இளவரசியின் படம் வந்தது. வெளிநாட்டுத் தேவதைக் கதை. சாபத்தால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உப்பாக மாறிக்கொண்டிருக்கும் இளவரசி லூமியா. ஆற்றில் படகு தள்ளும் பெண் நேரி. நேரி அவளைக் காப்பாற்றுகிறாள், இருவருக்கும் காதல். எங்கள் ஊரில் படத்தை வெளியிடும் உரிமையை வாங்கியவர் ஹரிசானோவா என்ற அம்மாள். இன்னும் சில படங்களோடு மொத்தமாக வாங்கியதால் இதை அவர் முழுதாகப் பார்க்கவில்லை. விஷயம் தெரிந்ததும் பதறிப்போய் ஸ்டூடியோவுக்கு ஓடி வந்தார்.

"காச்சேவ், இது குழந்தைங்க படம். குடும்பப் பாதுகாப்புச் சங்கத்துக்காரங்க தியேட்டர் வாசல்ல வந்து நின்னுடுவாங்க. ஒப்பந்தப்படி ஒரு படச்சட்டத்தக்கூட வெட்ட முடியாது. பேச்ச மட்டும்தான் மாத்தலாம். ரெண்டு பேரையும் தோழிங்களாக்கிடுங்க."

"தோழின்னு சொன்னா சந்தேகப்படுவாங்க மேடம்" என்றார் காச்சேவ். "அக்கா தங்கச்சின்னு வச்சிடலாம். கட்டிப் பிடிக்கலாம், கன்னத்துல முத்தம் குடுக்கலாம். யார் என்ன சொல்லப் போறாங்க?"

அன்று சாயங்காலமே நேரியின் பாத்திரத்துக்கான வசனத்தாளை சோர்னிட்சாவிடம் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நீ என் அக்கா' என்று இருந்தது. அவள் அந்த வரியை விரலால் தடவினாள்.

"இது யார் எழுதுனது லூபென்?"

"நான்தான். ஏன், உதட்டசைவு பொருந்தலையா?"

"பொருந்துது. நல்லாப் பொருந்துது."

தாளைக் கிழித்து அவர் முகத்தில் எறிய வேண்டும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியதாம். வீட்டுக்குப் போய் இஸ்க்ராவின் சீருடைக் கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அப்போது இத்தாலியில் போலோன்யாவிலிருந்து அவள் அக்கா மகள் மார்கிதா போனில் பேசினாள். அங்கே ஒரு திரைப்பட விழாவில் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள். "சித்தி, கடைசில என்ன ஆகுதுன்னு தெரியுமா? பேச்சே கிடையாது. பாட்டு மட்டும்தான். பாலத்து மேல ரெண்டு பேரும் வாயோட வாய் வச்சு முத்தம் குடுத்துக்கறாங்க. அப்புறம் கல்யாணம். நம்ம கோயில்ல மாதிரியே தலைக்கு மேல கிரீடம் பிடிக்கறாங்க. நான் அழுதுட்டேன்."

"பேச்சே இல்லையா?" என்று சோர்னிட்சா கேட்டாள்.

"ஒரு வார்த்தைகூட இல்ல."

அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. படத்தை யாரும் திருடிவிடக் கூடாது என்பதற்காக எங்களுக்கு வரும் பிரதியை முழுக்க இருட்டாக்கித்தான் அனுப்புவார்கள். பேசுகிறவர்களின் வாய் மட்டும் ஒரு வட்டத்துக்குள் தெரியும். கடைசி வசனம் முடிந்ததும் அந்தப் பிரதியும் முடிந்துவிடும். பாட்டோடு சேர்த்துக் கலப்பதெல்லாம் வேறு நாட்டில் நடக்கும். அந்தக் கல்யாணத்தைக் காச்சேவ் பார்க்கவில்லை. பார்க்கப் போவதும் இல்லை. வசனத்தாளில் பேச்சு இல்லாத பக்கங்களைப் படிக்கும் பழக்கமும் அவருக்குக் கிடையாது.

மறுநாள் காலையில் அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். தலைவாரி, உதட்டுக்குச் சாயம் பூசி, நான் வெகுநாளாகப் பார்க்காத மலர்ச்சியோடு வந்து காச்சேவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"லூபென், ராத்திரி முழுக்க இதையேதான் யோசிச்சேன். நீ பண்ணது நல்ல யோசனை. ஆனா அரைகுறையா விட்டுட்டியேடா. கடைசில திடீர்னு 'நீ என் அக்கா'ன்னா யாரு நம்புவா?"

"வேற என்ன பண்றது?"

"லூமியாவோட அம்மா, அந்த ராணி, ஜன்னலப் பாத்து அழற இடம் இருக்குல்ல? முதுகக் காட்டிக்கிட்டு நிக்கறான்னு தாள்ல போட்டிருக்கு. வாய் தெரியாது. அங்க நீ என்ன வேணா பேச வைக்கலாம். ஆத்துல தொலைஞ்ச கைக்குழந்தை, ஒரே வயித்துல பொறந்தது, அதுதான் இந்தப் படகுக்காரின்னு சொல்ல வை."

காச்சேவ் எழுந்து வந்து அவள் நெற்றியில் முத்தமிட்டார். "நீ இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன் சோர்னி" என்றார். அவள் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையின் காரணம் எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க இப்படியே போயிற்று. எங்கே வாய் மறைந்ததோ, எங்கே முகம் திரும்பியதோ, அங்கெல்லாம் அவளே ஒரு அக்கா தங்கச்சியை எடுத்துக் கொடுத்தாள். நீதிபதி மான் சொன்னது. ஆற்றுத் தவளைகள் கோரஸாகச் சொன்னன. "ரத்தம் ரத்தத்த அடையாளம் கண்டுபிடிக்கும்" என்று சூனியக்காரி சொன்னாள். காச்சேவ் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்து எழுதிக்கொண்டார். இளவரசிக்குக் குரல் கொடுத்த ரலிட்சா என்ற சின்னப் பெண் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சோர்னிட்சா அக்கா, இதுல ரெண்டு பேரும் உண்மையில லவ்வர்ஸ்தானே? நீங்க எப்படி இத..."

"நீ உன் வசனத்தப் பேசு கண்ணு" என்றாள் சோர்னிட்சா. "கெட்ட பேரு எழுதினவனுக்குத்தான். நமக்கில்ல."

கடைசி வரியை அவள் பேசியபோது மட்டும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நீ என் அக்கா" என்றாள். இஸ்க்ராவிடம் எப்படிப் பேசுவாளோ அப்படி. அதை ஒரு அக்காவுக்கான குரல் என்று காது உள்ள யாரும் சொல்ல மாட்டார்கள். காச்சேவ், "அருமை, அடுத்தது" என்றார்.

ஜூன் முதல் தேதி, குழந்தைகள் தினம். நகரத்தின் பெரிய தியேட்டரில் முதல் காட்சி. குடும்பப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர் முன்வரிசையில் இருந்தார். படம் முடிந்ததும் காச்சேவுக்குக் கேடயம் கொடுப்பதாக ஏற்பாடு. ஹரிசானோவா அம்மாள் வெள்ளை உடையில் வந்திருந்தார். காச்சேவ் மனைவியையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார். சோர்னிட்சா அவருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் நான். கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலம்.

படம் நன்றாகத்தான் போயிற்று. ராணி ஜன்னலைப் பார்த்து அழுதாள். தொலைந்த குழந்தை, ஒரே வயிறு. தாய்மார்கள் மூக்கை உறிஞ்சினார்கள். சங்கத் தலைவர் தலையை ஆட்டி ஆமோதித்தார். தவளைகள் பாடின. "நீ என் அக்கா" என்று நேரி சொன்னாள். காச்சேவ் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இசை தொடங்கியது. பாலம். நிலா வெளிச்சம். நேரி லூமியாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். வாயோடு வாய். அது சுருக்கமான முத்தமும் இல்லை. உப்பெல்லாம் கரைந்து ஆற்றில் விழும் வரைக்கும் நீண்டது.

அடுத்து கோயில், மெழுகுவர்த்தி, இரண்டு தலைக்கு மேலும் கிரீடம். நம் ஊரில் அந்தக் கிரீடம் என்னவென்று தெரியாத பிள்ளை கிடையாது. நடுவரிசையில் ஒரு பெண் குழந்தை சத்தமாகவே கேட்டது.

"அம்மா, அக்காவும் தங்கச்சியும் எதுக்குக் கல்யாணம் பண்ணிக்கறாங்க?"

"ஷ்ஷ்."

"ஒரே வயித்துல பொறந்தவங்கன்னு அந்த ராணியே சொன்னாங்களே."

வேறொரு மூலையிலிருந்து ஒரு பையன், "அப்ப நான் எங்க அக்காவக் கல்யாணம் பண்ணிக்கணுமா? ஐயய்யே, எனக்கு வேணாம்" என்று அழ ஆரம்பித்தான். யாரோ ஒரு அப்பா அடக்க முடியாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. சில தாய்மார்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தி வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள். சங்கத் தலைவர் எழுந்து நின்று, "இதுக்கா என்னக் கூப்பிட்டீங்க?" என்று காச்சேவைப் பார்த்துக் கேட்டார். கொடுப்பதற்காக வைத்திருந்த கேடயம் தலைவரின் மடியிலிருந்து கீழே விழுந்தது. ஹரிசானோவா அம்மாள் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டார். பாட்டு நிற்கவேயில்லை. அது நீளமான பாட்டு.

காச்சேவ் திரும்பிப் பார்த்தார். சோர்னிட்சா அவர் கண்ணுக்கு நேரே ஒரு விதையை உடைத்து மென்றாள். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. முகம் அப்படியே சரிந்தது.

அடுத்த சில நாட்களில் ஊரே அந்தக் கதையைப் பேசியது. காதலை மறைக்கப் போய், கூடப்பிறந்தவர்கள் கல்யாணம் பண்ணிக்கொள்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டிய புத்திசாலி என்று பத்திரிகைகள் காச்சேவை வறுத்தெடுத்தன. ஸ்டூடியோக் காவலாளி முதல் காபி போடுகிறவள் வரை, 'சகோதரர் காச்சேவ்' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். சில நாளில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். படத்தை எடுத்தவர்களிடமிருந்து கடுமையான எச்சரிக்கை வந்தது. உள்ளதை உள்ளபடி மறுபடி டப்பிங் செய்ய வேண்டும், இல்லையென்றால் வழக்கு. ஹரிசானோவா அம்மாள் பழியை மொத்தமாகக் காச்சேவின் தலையில் போட்டுவிட்டு, சோர்னிட்சாவுக்குப் போன் செய்தார்.

"நீங்கதான் மறுபடி பேசித் தரணும்மா."

"பேசறேன்" என்றாள். "ஆனா இயக்குநர் நாற்காலில லூபென் உக்காந்திருக்கணும். அவன் இல்லாம நான் வாயத் திறக்க மாட்டேன்."

காச்சேவ் வந்தார். சவரம் செய்யாத முகம். யாரையும் பார்க்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பாலத்துக்கு முன்னால் வரும் கடைசி வசனம். இருட்டில் இரண்டு வாய்கள் மட்டும். சிவப்பு விளக்கு எரிந்தது.

"உன்ன நான் காதலிக்கிறேன், லூமியா" என்றாள் சோர்னிட்சா.

காச்சேவ் கையிலிருந்த தாளைப் புரட்டினார். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வந்துச்சா லூபென்? நீதான் சொல்லணும்."

"வந்துச்சு."

"கேக்கல."

"நல்லா வந்துச்சு" என்றார் மைக்கில்.

"எனக்கு அப்படித் தோணல. இன்னொண்ணு எடுப்போம்."

அந்த ஒரு வரியை அவள் மத்தியானம் வரைக்கும் பேசினாள். ஒவ்வொரு முறையும் அவர் வாயால் 'நல்லா வந்துச்சு' என்று சொல்ல வைத்தாள். ஒவ்வொரு முறையும் போதாது என்றாள். ரலிட்சா அழுதுவிட்டு வெளியே போய்விட்டாள். நிறுத்தச் சொல்லலாமா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் நிறுத்தவில்லை. ஏனென்றால் அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நானும்தான் நின்றிருந்தேன், காச்சேவ் பொத்தானைத் தடவியதை நானும்தான் பார்த்தேன்.

கடைசியில் காச்சேவ் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "சோர்னி, என் பேரன் பள்ளிக்கூடம் போக மாட்டேங்கறான். பசங்க கிண்டல் பண்றாங்களாம். கல்யாணக் காட்சி இருக்குன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"ஒரு வார்த்த" என்றாள் அவள். "ஆமா. சொல்லியிருக்கலாம். அங்க பக்கத்துல நின்னுக்கிட்டு நீயும்தான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அவ மூச்சு இருந்துச்சு. கை சூடா இருந்திருக்கும். நான் பிடிச்சிருப்பேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பயந்துட்டேன்டி" என்றார்.

"நானும்தான் பயந்தேன். நான் உள்ள போகணும்னு நின்னேன்."

அன்றோடு காச்சேவ் ஸ்டூடியோவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். புதிய டப்பிங்கோடு படம் மறுபடி வெளியானபோது இஸ்க்ராவோடு வேலை செய்த டிராம் ஓட்டுநர்ப் பெண்கள் ஒரு வரிசை முழுக்கச் சீருடையிலேயே வந்து உட்கார்ந்தார்கள். சோர்னிட்சா அவர்களுக்கு நடுவில் இருந்தாள். சில தியேட்டர்கள் படத்தைத் தூக்கின, சில ஓட்டின. வாசலில் கூச்சல் போட்டவர்கள் இருந்தார்கள். அவளுக்கு வந்த வசைக் கடிதங்களை அடுப்பெரிக்க வைத்துக்கொண்டதாகச் சொன்னாள். அந்தக் கடைசி வரிக்கு அவள் பேசியதில் எந்த டேக்கைப் போட்டாய் என்று என்னிடம் பலர் கேட்டார்கள். முதல் டேக்கைத்தான். அது போதுமானதாகவே இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

அந்தக் குளிர்காலம் முடியும் நேரத்தில் மன்னிப்பு ஞாயிறு வந்தது. அன்றைக்குச் சின்னவர்கள் பெரியவர்களிடமும், தவறு செய்தவன் பாதிக்கப்பட்டவனிடமும் போய் மன்னிப்புக் கேட்பார்கள். கேட்டுவிட்டால் 'மன்னிக்கப்பட்டாய்' என்று பதில் சொல்லியே ஆக வேண்டும். அது வழக்கம். பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள்கூட அன்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்கள். நான் சோர்னிட்சாவின் வீட்டில் பனிட்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. காச்சேவ். கையில் வெள்ளை ஹல்வா டப்பா. ஆள் மெலிந்திருந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"சோர்னி, என்ன மன்னிச்சிடு."

வாதுமை போட்ட ஹல்வா. இஸ்க்ராவுக்குப் பிடித்தது. அதை அவர் நினைவில் வைத்திருந்தார். சோர்னிட்சா டப்பாவை வாங்கிக்கொண்டாள். அவர் காத்திருந்தார். படிக்கட்டில் யாரோ ஏறிப் போனார்கள். அவர் இன்னும் காத்திருந்தார்.

"குளிரா இருக்கு லூபென். பாத்துப் போ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வந்து டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு பெரிய துண்டு வெட்டி வைத்தாள். தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டு ரசித்துச் சாப்பிட்டாள்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்கே" என்றேன். "இன்னிக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாமே. அடுத்த வருஷமும் வருவாரே."

"வரட்டும்" என்றாள், விரலை நக்கிக்கொண்டே. "வருஷா வருஷம் வரட்டும்."